புலம்பெயர் ஆசியர் கட்டுரைத் தொகுப்பு: அழைப்பிலிருந்து அச்சு வரை

"புலம்பெயர்ந்த ஆசியர்கள் எழுதலாம்" என்று பொது அழைப்பு மட்டும் விட்டால் என்ன வரும் என்பது தொகுப்பு வேலை செய்கிற எங்களுக்கு மனப்பாடம். தொழில் விசாவில் போன குடும்பம், ஆங்கிலத்தில் படித்த இரண்டாம் தலைமுறை, பள்ளியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தியது. பொய்யில்லை, நன்றாகவும் எழுதியிருப்பார்கள். இருபதில் பதினைந்து இப்படியே இருந்தால்தான் தொல்லை.

நாடுவாரியாக இடம் ஒதுக்கினாலும் சரியாகாது. 1974இல் அமெரிக்காவில் வந்த பேர்பெற்ற ஆசிய அமெரிக்கத் தொகுப்பில் சீன, ஜப்பானிய, பிலிப்பினோ வம்சாவளியினர் மட்டுமே இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நாடுகளைக் கூட்டினார்கள். ஆனால் 'இந்தியா' என்ற ஒரே கட்டத்தில் கலிஃபோர்னியா மென்பொருள்காரரும், 1879க்கும் 1916க்கும் இடையில் ஃபிஜிக்குக் கப்பலேற்றப்பட்ட கரும்புத்தோட்டக் கூலியின் கொள்ளுப்பேத்தியும் எப்படி அடங்குவார்கள்?

அதனால் போன வழியை வைத்துப் பட்டியல் போடுகிறோம்: ஒப்பந்தக் கூலி, அகதி, தொழில் விசா, வளைகுடா வேலை, தத்து, இரண்டாம் பெயர்வு (1972இல் இடி அமீன் விரட்டி, உகாண்டாவில் குடியேறியிருந்து, அங்கிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போன ஆசியர்கள் மாதிரி). ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு கட்டுரை. ஒன்றே ஒன்று இருந்தால் மொத்தச் சமூகமும் அந்த ஒருவர் தலையில் ஏறிவிடும். தலா 3,000 சொல், இருபது கட்டுரை. பாதி இடத்தைப் பொது அழைப்புக்கு முன்பே, ஆள் தேடிக் கேட்டு நிரப்பிவிட வேண்டும். சாதி பற்றி எழுதலாம் என்று அழைப்பிலேயே சொல்லாவிட்டால் தெற்காசியக் கட்டுரைகளில் பெரும்பாலும் அது வராது.

ஆங்கிலத்தில் எழுதாதவர்களுக்குத் தனிச் செலவு உண்டு. டொரொண்டோவிலும் பாரிஸிலும் தமிழிலேயே எழுதும் ஈழத்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கூலியைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் மோங் (லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மலைவாழ் இனத்தவர்) முதியவர்கள் போன்றோரிடம் பேசித்தான் வாங்க முடியும். இரண்டு மணி நேரப் பேச்சு எழுத்தில் பத்தாயிரம் சொல்லைத் தாண்டும். எழுத்தாக்க எட்டு மணி நேரமாவது பிடிக்கும். அதை 3,000க்கு வெட்டியபின் அவர் மொழியிலேயே வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. நாம் சீராக்கிய வரியைத்தான் "நான் இப்படிச் சொல்லவே இல்லையே" என்பார்கள்.

மிகக் கவனம் வேண்டியது, தஞ்ச வழக்கு முடியாதவர்களின் கட்டுரை. விசாரணையில் கொடுத்த தேதிக்கும் கட்டுரையில் உள்ள தேதிக்கும் ஒரு மாதம் மாறினாலும் வழக்கில் எதிராகத் திரும்பலாம். அவருடைய வழக்கறிஞர் படிக்காமல் பக்கம் கட்டுவதில்லை. புனைபெயர் போட்டுவிட்டு, எழுத்தாளர் குறிப்பில் ஊரையும் வேலையையும் எழுதினால் என்ன பயன்? அனுப்பிய கோப்பின் பண்புகளில்கூட உண்மைப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வரிசையும் முக்கியம். இணையத்தில் இலவசமாகக் காட்டும் மாதிரிப் பக்கங்கள் பெரும்பாலும் முதல் ஓரிரு கட்டுரையோடு முடிந்துவிடும். அங்கே கூலி வழியோ அகதி வழியோ வரட்டும். சாப்பாட்டு டப்பா ஏழாவதாக வந்தால் ஒன்றும் குறையாது.