அப்பாவின் மருந்து பில்களும் இந்த வருட வருமான வரிக் கணக்கும்

ஜூன் 9, 2024, ஞாயிறு

பீரோவின் மேல்தட்டில் இருந்த மஞ்சள் பையை இறக்கிக் கூடத்தில் கொட்டினேன். ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்த பை. 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரைக்குமான காகிதங்கள் எல்லாம் இதற்குள்தான் கிடந்தன. எல்.ஐ.சி. ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, வாடகை ரசீது, அப்பாவின் மருந்து பில்கள். நடுவில் இரண்டு கல்யாணப் பத்திரிகைகளும் இருந்தன.

மாதவாரியாகப் பிரித்தேன். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு கட்டுகள் சேர்ந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வரிப் படிவத்தில் எந்த மாதம் கட்டினாய் என்ற கேள்வியே இல்லை. எந்தப் பிரிவில் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அவ்வளவையும் கலைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 16

இந்த முறை காகிதத்தைத் தொடவில்லை. சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16-ஐ ஆபீசில் கொடுத்துவிட்டார்கள். வருமான வரித் தளத்தில் நுழைந்து ஏ.ஐ.எஸ். என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையையும், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26 ஏ.எஸ்.ஸையும் இறக்கிக்கொண்டேன். (ஏ.ஐ.எஸ். கோப்பைத் திறக்கும் கடவுச்சொல்: பான் எண் சிறிய எழுத்தில், அதோடு பிறந்த தேதி.) நம்மைப் பற்றி வரித்துறைக்கு ஏற்கெனவே என்னென்ன தெரியும் என்பது அதில் வரிவரியாக இருக்கிறது.

அதில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வைப்பு நிதி வட்டி 6,150 ரூபாய். நாலு வருடத்துக்கு முன் போட்டு மறந்தது, தானாகவே புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 80 டி.டி.ஏ. பிரிவில் 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு (அதாவது, வரி போடும் வருமானத்திலிருந்து அவ்வளவைக் கழித்துக்கொள்ளலாம்), வைப்பு நிதி வட்டிக்குக் கிடையாது. பையை மட்டும் நம்பியிருந்தால் இதைக் காட்டாமலேயே விட்டிருப்பேன். அதனால் சொல்கிறேன், முதலில் அந்த அறிக்கையைப் பாருங்கள், பிறகு பையை அவிழுங்கள்.

ஜூன் 23

சேமிப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கழிவு தரும் 80 சி பிரிவு சீக்கிரம் முடிந்தது. பி.எஃப்., எல்.ஐ.சி., மகளின் செல்வமகள் சேமிப்பு எல்லாம் சேர்ந்து 1,50,000 ரூபாய் உச்சவரம்பை எட்டிவிட்டது. பள்ளி ரசீதில் டியூஷன் கட்டணம் மட்டுமே கணக்கில் வரும், வேன் கட்டணம் வராது. அடுத்து வாடகைக் கழிவு. வாடகை மாதம் 9,000, வருடத்துக்கு 1,08,000. லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்கார அம்மாவின் பான் எண் வேண்டியிருந்தது. "எனக்கு ஒண்ணும் பிரச்சினை வராதில்ல தம்பி?" என்று கேட்டார்கள். ஜனவரியிலேயே உட்கார்ந்து விளக்கிச் சொல்லி வாங்கியிருந்தேன்.

மீதி நேரம் முழுக்க மருந்து பில்கள்தான். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரையும் இதயக் கோளாறும் இருப்பதால் காப்பீடு கிடைக்கவில்லை. காப்பீடு இல்லாத, 60 வயதைக் கடந்த பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 80 டி பிரிவில் 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். ஒரே நிபந்தனை, ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது.

பில்களை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். சூட்டில் அச்சாகும் அந்த வழவழப்பான தாள் ஆறே மாதத்தில் வெளுத்துவிடுகிறது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்தவைதான் அதிகம் போயிருந்தன. கடைப் பெயர் தெரிகிறது, தொகை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு நிழல். அப்பா கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தவை ஓட்டையோடு இருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. படிக்க முடியாத மூன்றுக்கு மருந்துக்கடையில் கேட்டேன், கணினியிலிருந்து மறுபடி எடுத்துக் கொடுத்தார்கள்.

ஜூலை 7

ஒவ்வொரு பில்லையும் வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஜிபேயில் கொடுத்ததற்கு ஓரத்தில் பென்சிலால் தேதி, ரொக்கத்துக்கு ஒரு சுழி. மொத்தம் 49,800 ரூபாய். ஜிபே 31,360, ரொக்கம் 18,440. இருபது சதவீத வரியும் அதன் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்துப் பார்த்தால், ரொக்கமாகக் கொடுத்ததால் மட்டும் எனக்கு மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் போயிற்று. அப்பாவின் ஒரு மாத மருந்துக் காசு அது. மனது கேட்கவில்லை.

ஜூலை 14

தாக்கல் செய்தாயிற்று. வரிக் கணக்கிட இரண்டு முறைகள் உண்டு. இப்போது, இந்தக் கழிவுகள் இல்லாத புதிய முறைதான் இயல்பாக வரும், கழிவுகள் வேண்டுமானால் பழைய முறையை நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் ஜூலை 31-க்குள் செய்ய வேண்டும். தேதி தாண்டினால் புதிய முறை மட்டும்தான், இத்தனை பில்லும் வீண். ஆதார் ஓ.டி.பி. போட்டு அப்போதே சரிபார்த்தும் விட்டேன். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு என்றாலும் தள்ளிப்போட மனமில்லை. ரிட்டர்னோடு எந்தக் காகிதத்தையும் இணைக்க வேண்டியதில்லை, துறை கேட்டால் காட்ட வேண்டும். அதனால் பில்களை வெள்ளைத் தாளில் நகலெடுத்து, அசலோடு சேர்த்துப் பிரிவுவாரியாக அட்டைக் கோப்பில் போட்டுவிட்டேன்.

நடப்பு ஆண்டுக்கு இன்னொரு கோப்பு தொடங்கியிருக்கிறேன். அப்பாவின் போனில் ஜிபே போட்டு, என் கணக்கிலிருந்தே பணம் போகிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். நேற்று அவரே மருந்து வாங்கிவந்து, பில்லின் ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதி என் மேஜைமேல் வைத்திருந்தார். ஏப்ரல், மே பில்களுக்கு இன்னும் நகல் எடுக்கவில்லை.