முயல் வளர்ப்பு: முதல் ஈற்றைக் கரை சேர்ப்பது

முயல் தானாகப் பெருகிவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். குட்டி போடுவது என்னவோ எளிதுதான். போட்ட குட்டி பால் மறக்கும்வரை பிழைத்துக் கிடப்பதில்தான் பண்ணையே இருக்கிறது. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொட்டகை போட்டு, முதல் ஈற்றைக் கரை சேர்த்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முயலை எங்கே வாங்குவது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. "முயலையும் நாங்களே தருகிறோம், குட்டியையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். 2012இல் ஈமு கோழி நிறுவனங்கள் இதே மாதிரி சொல்லிப் பணம் வாங்கிவிட்டுக் கைவிரித்தபோது, எங்கள் பக்கம் எப்படிப் பாடாய்ப்பட்டது என்று பார்த்தவன் நான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் என்ற இரண்டு முயல் இனங்களையும் அங்கிருந்தே எடுத்தேன். 7 பெண், 3 ஆண் சேர்ந்தால் ஒரு யூனிட் என்பது இங்கே வழக்கம். மலைக்குளிரில் வளர்ந்தவை என்பதால் மார்கழியில் இறக்கினேன். சித்திரையில் கொண்டுவந்திருந்தால் பாதி தேறியிருக்காது.

பெண் முயலுக்கு ஐந்தாறு மாதம் ஆனதும் சேர்க்கைக்கு விடலாம். பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால், தன் இடத்துக்குள் வந்தவனைக் கடித்துக் குதறிவிடும். காலை வெயில் ஏறுமுன் விட்டால், சில நிமிடத்தில் ஆண் முயல் ஒரு சின்ன முனகலோடு பக்கவாட்டில் தொப்பென்று சாய்ந்துவிடும். அதுதான் அடையாளம். மாடு ஆடு மாதிரி முயலுக்குக் குறித்த பருவச் சுற்று கிடையாது. சேர்ந்த பிறகுதான் சினைமுட்டை வெளிவரும். அதனால் இரண்டு மூன்று பெண்களை ஒரே நாளில் சேர்த்துவிட முடியும். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கால்நடை மருத்துவர். அதன் அருமை பிற்பாடுதான் தெரியும்.

12 முதல் 14 நாளுக்குள் அடிவயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தால் சினை கையில் தட்டுப்படும், சுண்டைக்காயை வரிசையாகக் கோத்த மாதிரி. அழுத்தக் கூடாது. சினைக்காலம் சுமார் 31 நாள். 27ஆம் நாள் வாக்கில் ஈனும் பெட்டியை உள்ளே வைத்து, காய்ந்த கொழுக்கட்டைப்புல்லைப் பரப்பினேன். ஈனும் நேரம் நெருங்கியதும் தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கி அந்தப் புல்மேல் மெத்தை போட்டுக்கொள்ளும். எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் போனாலும், நாய் வந்து மிரட்டினாலும் போட்ட குட்டியையே தாய் தின்றுவிடுவது உண்டு.

விடியற்காலையில் பார்த்தால் பெட்டிக்குள் முடி மட்டும் அசைகிறது. விலக்கினால் முடியில்லாத, கண் திறக்காத செக்கச்செவேல் குட்டிகள். "கைவாடை பட்டா தாய் சேத்துக்காது சாமி" என்று அம்மா தடுத்தார். அந்தப் பெட்டி முடியிலேயே கையைத் தேய்த்துக்கொண்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது. செத்த குட்டியும் நஞ்சுக்கொடியும் உள்ளே கிடந்தால்தான் ஆபத்து.

அடுத்து எல்லோரும் பதறுகிற கட்டம். தாய் குட்டியைச் சட்டையே செய்யாமல் கூண்டின் மறுமூலையில் உட்கார்ந்திருக்கும். முயலின் இயல்பே அப்படித்தான். நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும். குடித்ததா என்று குட்டியின் வயிறே காட்டிக்கொடுக்கும். மெல்லிய தோலுக்கடியில் வெள்ளையாகப் பால் தெரிந்தால் சரி. தோல் சுருங்கிக் கிடந்தால் தாயை மடியில் மல்லாத்திப் பிடித்து ஊட்ட வேண்டும். பெரும்பாலும் 8 காம்புதான் இருக்கும், அதற்குமேல் பிறந்ததை அதே சமயத்தில் ஈன்ற இன்னொரு தாயின் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டியதுதான். ஒன்றாகச் சேர்க்கை விட்டதன் பலன் இங்கேதான்.

10, 12 நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் பெட்டியைவிட்டு எகிறிக் குதிக்க ஆரம்பிக்கும். அப்புறம் பால் மறக்கடிக்கும்போது இரத்தக் கழிச்சல் வரும். வயிறு உப்பி, கழிந்து, ஒரே ராத்திரியில் குட்டிகள் போய்விடும். ஈரப் பசுந்தீவனமும், புழுக்கை தேங்கிய தரையும்தான் இதற்கு வழி விடுகின்றன. எங்கள் வீட்டில் வேலிமசாலும் அகத்தியும் நிழலில் வாடிய பிறகுதான் கூண்டுக்குப் போகும். கம்பிவலைத் தரையைத் தினமும் பிரஷ் போட்டுத் தேய்ப்பது என் வேலை. மருந்தும் அளவும் மருத்துவர் சொன்னபடி மட்டுமே. இன்னொன்று, முயல் குனிந்து தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். அதற்கு அது தேவை.

மூன்று மாதத்தில் குட்டிகள் இரண்டு கிலோவைத் தொட்டன. விற்பனைதான் மெத்தனம். வாங்க வந்த பாதிப்பேர் "ஏனுங்க, காட்டு முயலுங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்கள். காட்டு முயலைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இது வளர்ப்பு முயல் என்று கூண்டைக் காட்டிப் புரியவைக்க வேண்டியிருந்தது. இரண்டு கறிக்கடைக்காரர்கள் நிலையாக எடுக்க ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த சேர்க்கையைப் பற்றி யோசித்தேன். புழுக்கை மட்டும் ஒரு கூடைகூட வெளியே போகவில்லை, எல்லாம் வாழைக்கே.

முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை இறக்கும். வெயில் உச்சத்தில் ஆண் முயலின் விந்தும் கெட்டுவிடும். அதனால் பங்குனி பிறந்ததும் சேர்க்கையை நிறுத்திவிட்டு, ஈரச்சாக்குத் தொங்கவிடுவதோடு சரி. ஆடிக்காற்று வீசி, வெயில் தணிந்த பிறகு மறுபடி விடுவதாக இருக்கிறேன்.