கீறல் விழுந்த கடிதம்: மால்டா வழி வந்த பழைய அஞ்சலை எப்படிப் பார்ப்பது

1830களில் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போன மடிப்புக் கடிதம் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. முகவரிப் பக்கத்தில் உளியால் குத்தியதுபோல் இரண்டு கீறல். "காலரா பரவிய இந்தியாவிலிருந்து வந்ததால் சுத்திகரிக்கப்பட்டது" என்று கீழே குறிப்பு எழுதியிருப்பார்கள். கீறல் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் சொன்ன காரணம் பெரும்பாலும் தவறு.

கடிதம் எங்கிருந்து புறப்பட்டது என்பதைவிட எந்த வழியாகப் போனது என்பதுதான் முக்கியம். 1830-இல் 'ஹியூ லிண்ட்சே' நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து சூயஸுக்குப் போய், செங்கடல் வழிக்குத் தொடக்கம் போட்டது. சூயஸில் இறங்கிய தபால் பாலைவனம் கடந்து கெய்ரோ, அங்கிருந்து அலெக்சாந்திரியா, பிறகு மத்தியதரைக் கடல் வழியாக மால்டா என்று போகும். எகிப்தில் அப்போது பிளேக் அடிக்கடி தலைகாட்டும். 1835-இல் கெய்ரோவில் பெரும் சாவு. ஆகவே இந்தியக் கடிதமானாலும் எகிப்தைத் தொட்டுவிட்டால் மால்டாவில் அது சந்தேகப் பொருள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போன கடிதத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அந்த வழிக் கடிதத்தில் இதே கீறலைக் கண்டால் வாங்கும் முன் நிறுத்தி யோசியுங்கள்.

மால்டாவின் மனோயல் தீவில் 1643-இல் கட்டிய லாசரெட்டோவில்தான் கடிதத்தைச் சுத்திகரிக்கும் வேலை நடந்தது. லாசரெட்டோ என்றால் தொற்றுக்காலத்தில் பயணிகளையும் சரக்கையும் ஒதுக்கி வைக்கும் இடம். பஞ்சு, கம்பளி, தோல்போலக் காகிதமும் நோயைப் பிடித்து வைக்கும் பொருள் என்று நம்பினார்கள். பிளேக் எலித்தெள்ளு வழியாகப் பரவுகிறது என்பதை பால்-லூயி சிமோன் கராச்சியில் காட்டியது 1898-இல். அதுவரை காகிதத்தின்மேல் இருந்த பயம் அவர்கள் அறிவுக்கு எட்டிய அளவில் நியாயமானதே.

கடிதத்தை நீண்ட இடுக்கியால் எடுப்பார்கள். அன்று உறை கிடையாது. எழுதிய தாளையே பல மடிப்பாக மடித்து அரக்கு வைத்திருப்பார்கள். உள்மடிப்புக்குப் புகை போகாது என்பதால் உளியால் கீறி, புகையில் காட்டுவார்கள். லாசரெட்டோக்களில் பரவலாக இருந்த புகைக்கலவை கந்தகம், வெடியுப்பு, தவிடு. கந்தகம்தான் 'மருந்து', வெடியுப்பு எரிய வைக்கும், தவிடு மெதுவாகப் புகைய வைக்கும். இன்னும் பழைய முறை வினிகர், அதில் தோய்ப்பார்கள் அல்லது மேலே தெளிப்பார்கள். பிரிக்காமல் மேற்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்த கடிதத்துக்கு 'நெட்டா ஃபுவோரி எ ஸ்போர்கா டென்ட்ரோ' என்று இத்தாலிய மொழியில் ஒரு முத்திரை உண்டு: வெளியே சுத்தம், உள்ளே அழுக்கு. இவ்வளவு ஒளிவுமறைவில்லாத அஞ்சல் முத்திரை வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

இனி சோதனை. உளி மடித்த கடிதத்தின்மேல் ஒரே குத்தாக இறங்கியது. ஆகவே தாளை விரித்தால் ஒரு கீறல் நாலாக, ஆறாகத் தெரியும்; பழைய மடிப்பில் மடித்தால் எல்லாம் ஒரே கோட்டில் வந்து சேரும். பின்னால் விளக்கு வைத்தால் வெளிச்சம் நேராக ஊடுருவும். ஆனால் இதை மூலத்தில் செய்து பார்க்காதீர்கள். கந்தகப் புகை காகிதத்து ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அங்கேயே தங்கியிருக்கும். மடிப்பு ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். இரு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, அதே அளவில் இரு பக்கமும் அச்செடுத்து, கீறல் இருக்கும் இடத்தை வெட்டி, அந்த நகலை மடித்துப் பாருங்கள். சேரவில்லை என்றால் யாரோ விரித்த தாளில் பிற்பாடு கீறியிருக்கிறார்கள்.

அடுத்தது 10 மடங்கு லென்ஸ். பழைய கீறலின் ஓரம் தாளின் நிறத்திலேயே பழுத்து, இழைகளில் அழுக்கு படிந்திருக்கும். புதிய வெட்டு உள்ளே வெளுப்பாகத் தெரியும். கீறலுக்குமேல் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தால் அதிர்ஷ்டம்: மால்டாவுக்குப் பிறகு லண்டனில் குத்திய முத்திரையானால், மை கீறலுக்குள் இறங்கி, அடுத்த மடிப்பில் மெல்லிய கோடாகப் படிந்திருக்கும். அந்தக் கோட்டை யாராலும் எளிதில் போலி செய்ய முடியாது. மாறாக, முத்திரையின் மை கீறல் ஓரத்தில் சுத்தமாக அறுபட்டு நின்றால் முத்திரை முந்தியது, கீறல் பிந்தியது.

கணக்குக் கம்பியில் குத்திக் கோத்த ஓட்டையையும் பூச்சி அரித்ததையும் பலர் கீறல் என்று விற்கிறார்கள். கம்பி ஓட்டை வட்டமாக, பெரும்பாலும் தாளின் நடுவில் இருக்கும். பூச்சித் தடம் வளைந்து போகும், மடிப்புக்கு மடிப்பு வடிவம் மாறும்.

புகை பட்ட தாளில் இடுக்கி பிடித்த இடம் மட்டும் வெளிர்பட்டையாக நிற்கும்; சாய்வான வெளிச்சத்தில் தேடுங்கள். வினிகர் தெளித்தது துளித்துளியாக, ஓரம் கருத்த பழுப்புக் கறையாக இருக்கும். கறை பட்ட இடத்தில் மாசிக்காய் மை கசிந்து எழுத்து கலங்கியிருக்கும். இந்தக் கறையைக் கழுவிச் 'சுத்தம்' செய்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கறை போனால் சான்றும் போயிற்று. கீறலை ஒட்டவும் கூடாது, அயர்ன் செய்யவும் கூடாது.

பாதுகாப்புக்கு பாலியஸ்டர் உறை, அமிலமற்ற அட்டை போதும். பிவிசி உறை வேண்டாம், அது பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை ஊரில் அலமாரிக்குள் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று அவசியம். புகை பட்ட கடிதத்தை மற்றவற்றோடு முகத்துக்கு முகம் வைக்காதீர்கள், அமிலம் பக்கத்துத் தாளுக்கும் ஏறும்.

ஆல்பத்தில் எழுதும் குறிப்பில், கண்ணால் பார்த்ததை முதலில் எழுதுங்கள்: "பம்பாய், சூயஸ், அலெக்சாந்திரியா, மால்டா வழி. உளிக் கீறல் இரண்டு, எல்லா மடிப்பிலும் பொருந்துகிறது. புகைத் தடம் உண்டு, வினிகர் இல்லை." நோயின் பெயரை, தேதியும் வழியும் ஒத்துவந்தால் மட்டும், கடைசி வரியில் சேருங்கள்.