ரதி வரும்போது தப்பை நிறுத்துங்க

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். சோபொக்கிளிசின் கிரேக்க நாடகம் 'ஈடிப்பஸ் ராசா'வை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், ராணி ஜொகஸ்டா தூக்குப் போடுறதும் ராசா கண்ணைக் குத்திக்கிறதும்தானே பெரிய இடம், அதைக் காட்டாம யாரோ ஒருத்தன் வந்து சொல்லிட்டுப் போறானே?" கிரேக்க அரங்கில் சாவு பெரும்பாலும் மேடைக்கு வெளியேதான் நடக்கும், தூதுவன் வந்து சொல்வான் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன். சோதனைக்கு அது போதும்.

அப்புறம் நானே மண்சரிவைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் மேல் மலை இறங்க வேண்டும். தார்ப்பாய், சிவப்பு வெளிச்சம், புகை, உச்சத்தில் தப்பு மேளம். ஒத்திகையில் தார்ப்பாய்க்குள் சிக்கிய பையன்கள் சிரித்துவிட்டார்கள், பார்த்தவர்களும் சிரித்தார்கள். தப்பு அடித்து நாலு பேரை வட்டமாக ஆடவிட்டால் மரபு வந்துவிட்டது என்று நம்புகிற நாடகங்கள் இப்போது நிறைய, என்னுடையதையும் சேர்த்துத்தான். 1956-இல் 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை எழுதிய சரச்சந்திர, 'நாடகம' என்கிற சிங்களக் கூத்து வகையிலிருந்து வடிவத்தையே எடுத்தார், நான் எடுத்தது சத்தத்தை மட்டும்.

பையன்களுக்குத் தப்பு பழக்க வந்திருந்த பெரியவர், மாசி மாதக் காமன் கூத்தில் பல வருசம் ரதி வேசம் கட்டியவர், தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், சிவன் காமனை எரிக்கிறப்போ சனம் சும்மா பார்த்துக்கிட்டு நிக்கும். ரதி வந்து புருசனைக் கேக்குறப்பதான் அழும். அவ வரும்போது தப்பை நிறுத்துங்க."

தார்ப்பாயைத் தூக்கிப் போட்டேன். கொழுந்துக் கூடையோடு ஒருத்தி ஓடி வருகிறாள், தப்பு நிற்கிறது. அவளுக்கு ஒரு பக்க வசனம், எதுகை மோனையோடு, நன்றாக உழைத்து எழுதியிருந்தேன். நடித்த பிள்ளை இரண்டு நாள் திணறிவிட்டு, "சேர், இப்பிடி ஓடி வர்றவ இவ்வளவு பேசுவாளா?" என்றாள். சரி, நீயே சொல்லு என்றேன். "அஞ்சாம் லயம் இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

தோட்டத்து மைதானத்தில் போட்டபோது அந்த இடத்தில் தப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி சத்தமாகக் கேட்டார், "யாரு வீட்டு ஆளுக?" இது பிரதியில் இல்லை. பிள்ளை ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு அவர் பக்கம் திரும்பி, "எல்லாரும்தான் அம்மாயி" என்றாள்.