செட்டிநாட்டுக் கல்லூரி வளாகத்துக்குப் புவிவெப்பம் எதற்கு உதவும்?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தைப் புவிவெப்பத்தில் நடத்த முடியுமா? மின்சாரம் எடுக்க முடியாது. அறைகளைக் குளிர்விக்கவும் விடுதி மெஸ்ஸுக்கு வெந்நீர் தரவும் முடியும். ஆனால் மண்ணுக்குள் தள்ளும் வெப்பத்தை வருடாவருடம் திரும்ப எடுத்தால்தான் அது நீடிக்கும். இந்த மூன்றாவது விஷயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

மின்சாரத்தை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கிளமத் ஃபால்ஸ் ஊரிலுள்ள ஆரிகன் தொழில்நுட்பக் கல்லூரியின் கிணறுகளில் ஏறத்தாழ 90 டிகிரி சூட்டில் நீர் வருகிறது. 1964 முதல் அந்த நீரே கட்டடங்களைச் சூடாக்குகிறது. 2010இல் அதே வெந்நீரில் 280 கிலோவாட் மின்னாக்கியும் வைத்தார்கள். அங்கே பூமியின் சூடு மேலேயே கிடைக்கிறது. சாதாரண நிலத்தில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரிதான் கூடும். அந்தக் கணக்கில் 90 டிகிரிக்கே 2 கிலோமீட்டருக்கு மேல் துளையிட வேண்டும். அந்த ஆழத்துப் பாறையில் நீர் ஓடவும் வேண்டும். கல்லூரி பட்ஜெட்டில் இதற்கு இடமில்லை. நம் ஊரில் மின்சாரத்துக்கு மொட்டை மாடியில் சூரியத் தகடு போதும்.

மேல் நூறு மீட்டர் மண்ணில் வேறொரு பயன் இருக்கிறது. பத்து மீட்டருக்குக் கீழே வெப்பநிலை கோடையிலும் மார்கழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி 29, 30 டிகிரி இருக்கும். உங்கள் வளாகத்தில் தெரிந்துகொள்ள, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, விழும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

இந்த 30 டிகிரி ரொம்பக் குளிர்ச்சி இல்லை. ஆனாலும் ஏசி வெளியே தள்ளும் வெப்பத்தை வாங்கக் கோடைக் காற்றைவிட மேல். துளைகளுக்குள் அடியில் வளைந்து திரும்பும் குழாயை இறக்கி, அதில் சுற்றும் நீர் வழியே அந்த வெப்பத்தை மண்ணுக்கு அனுப்பலாம். இண்டியானா மாநிலத்தின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் சுமார் 3,600 துளைகள் போட்டு, 2014இல் நிலக்கரி பாய்லர்களை நிறுத்தியது. அங்கே கோடையில் மண்ணுக்குள் போகும் வெப்பத்தைப் பனிக்காலத்தில் அறைகளுக்கே திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். நமக்குப் பனிக்காலம் கிடையாது. அந்த வடிவமைப்பை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சில ஆண்டுகளில் கெட்டுவிடும்.

எண்களோடு பார்ப்போம். நூலகமும் கணினி ஆய்வகமும் சேர்ந்து 20 டன் ஏசி, அதாவது 70 கிலோவாட் குளிர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரெசர் எடுக்கும் மின்சாரமும் வெப்பமாகத்தான் முடியும் என்பதால் மண்ணுக்குப் போவது சுமார் 86 கிலோவாட். மண் 30 டிகிரி, குழாய் நீர் சராசரி 37 டிகிரி என்றால் ஒரு மீட்டர் துளை 35 வாட் வாங்கும். ஆக 100 மீட்டர் ஆழத்தில் 24 துளைகள். ஆறு மீட்டர் இடைவெளியில் நான்குக்கு ஆறாகப் போட்டால் 18க்கு 30 மீட்டர். ஒரு கூடைப்பந்து மைதானத்தைவிடச் சற்றுப் பெரிய இடம்.

இப்போது பேரேட்டைத் திறப்போம். செட்டிநாட்டில் பற்று வரவு பார்க்காமல் தொழில் நடத்தியதில்லை. மண்ணுக்கும் அதே கணக்குத்தான். நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள், சராசரி 60 சதவீதச் சுமை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,29,000 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் கீழே போகிறது. 24 துளைகளுக்கும் சேர்ந்து கிடைக்கும் மண் 86,400 கன மீட்டர். ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 0.64 யூனிட் போதும். எங்கும் கசியாவிட்டால் அந்த மண் ஒரே ஆண்டில் 2.3 டிகிரி ஏறிவிடும். பக்கவாட்டில் கொஞ்சம் போகும்தான். என்றாலும் மண்ணுக்கும் குழாய் நீருக்கும் உள்ள வித்தியாசமே ஏழு டிகிரி. ஐந்தாறு வருடத்தில் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அப்புறம் சாதாரண ஏசியே மேல் என்றாகிவிடும்.

மண்ணிலிருந்து வெப்பத்தைத் திரும்ப எடுக்க வழி உண்டு. விடுதி மெஸ்ஸில் அரிசி உலைக்கும் பாத்திரம் கழுவவும் நாளுக்கு 10,000 லிட்டர் நீரை 30இலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற 290 யூனிட் வெப்பம் வேண்டும். அந்த வேலையை ஒரு நீர்வழி ஹீட் பம்ப்பிடம் (ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்துக்கு ஏற்றும் இயந்திரம்) கொடுத்தால் 73 யூனிட் மின்சாரம் போதும்; மீதி 217 யூனிட்டைக் குழாய்ச் சுற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 54,000 யூனிட் வரவு. வெந்நீர் மட்டுமே தேவை என்றால் சூரிய வெந்நீர்க் கலனே மலிவு; அதற்காக மண்ணைத் தோண்ட வேண்டாம். இங்கே ஹீட் பம்ப்பின் முதல் வேலை மண்ணின் சூட்டை இறக்குவது.

அடுத்தது இரவுக் குளிர்விப்பு. கார்த்திகை முதல் மாசி வரை இரவுக் காற்று 21, 22 டிகிரிக்கு வரும். சுற்றில் ஒரு மின்விசிறிக் குளிர்விப்பானைச் சேர்த்து, இரவு ஒன்பது மணி நேரம் 40 கிலோவாட் வீதம் நூறு இரவுகள் ஓட்டினால் 36,000 யூனிட் வெளியேறும். துளை இடைவெளியை ஆறிலிருந்து எட்டு மீட்டராக்கினால் மண்ணின் அளவு முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. மூன்றையும் செய்தால் ஆண்டு ஏற்றம் 0.4 டிகிரிக்கு இறங்கும். அதில் பெரும்பங்கைச் சுற்றியுள்ள மண்ணும் நிலத்தடி நீரோட்டமும் வாங்கிக்கொள்ளும். இடமிருக்கும் கல்லூரி எட்டு மீட்டருக்குக் குறைவாக யோசிக்கவே கூடாது.

கூலிங் டவர் வைத்தால் இன்னும் குறைந்த சூட்டில் நீர் கிடைக்குமே என்று ஏசி பொறியாளர் கேட்பார். அவர் சொல்வது சரி. ஆனால் 86 கிலோவாட்டை ஆவியாக்கித் தள்ள மணிக்கு 125 லிட்டர் நீர் போகும். உப்புத் திரளாமல் வெளியேற்றுவதையும் சேர்த்தால் 170. ஊருணி வெட்டி மழைநீரைக் காத்த ஊரில், சித்திரை வைகாசியில் அந்தத் தண்ணீரைக் காற்றில் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. மூடிய குழாய்ச் சுற்றுக்கு ஒருமுறை நிரப்பிய நீரே போதும். காற்றில் வெப்பம் தள்ளும் ஏசியோடு ஒப்பிட்டால், கண்டென்சர் (ஏசியில் வெப்பத்தை வெளியே விடும் பகுதி) எட்டுப் பத்து டிகிரி குறைவாக இயங்குவதால் மின்சாரத்தில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் மிச்சம்.

வேலையைத் தொடங்கும்போது, மண் வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்று சோதிக்க முதலில் ஒரே ஒரு துளை. அதில் குழாய் இறக்கி, 48 மணி நேரம் சீரான 6,000 வாட் ஹீட்டரால் சூடேற்றி, போகும் நீர், வரும் நீர் இரண்டின் வெப்பநிலையையும் பதிவு செய்யுங்கள். முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பதிவை விட்டுவிட்டு, சராசரி வெப்பநிலையை நேரத்தின் இயல் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். சரிவு 2.4 என்றால் 6,000ஐ 12.57 (அதாவது 4π) × 100 (ஆழம்) × 2.4ஆல் வகுக்க, மண்ணின் வெப்பக் கடத்தல் மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 2 வாட். நடுவில் கரண்ட் போனால் சோதனை செல்லாது. மண் பழைய நிலைக்கு வரப் பத்து நாளுக்கு மேல் காத்திருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே ஜெனரேட்டரில் ஓட்டுங்கள்.

துளை போடத் திருச்செங்கோட்டு போர் வண்டியே போதும். ஆறு அங்குலம், 330 அடி. மேலே செம்பூரான் பாறை, கீழே மணல் என்று மாறி வரும் இடத்தில் துளை சரியும். கேசிங் (துளை சரியாமல் தாங்கும் குழாய்) விலையைத் தனியாகப் பேசிவிடுங்கள். வண்டிக்காரர்களுக்குத் துளையைத் திறந்து விட்டுத்தான் பழக்கம். இங்கே அடிமுதல் மேல்வரை அடைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

குழாய் 32 மில்லிமீட்டர் ஹெச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்), 16 பார் அழுத்தம் தாங்குவது. அடி வளைவு தொழிற்சாலையிலேயே ஒட்டி வந்ததாக இருக்கட்டும். இறக்குமுன் நீர் நிரப்பி அழுத்தம் சோதியுங்கள். காலிக் குழாய் துளை நீரில் மிதக்கும். வெளியே அடைப்புக் கலவை ஏறும்போது நசுங்கியும் போகும். வளைவில் 15, 20 கிலோ கம்பி கட்டி இறக்குங்கள். பென்டோனைட் என்ற ஊறி வீங்கும் களிமண்ணும் சிலிக்கா மணலும் சேர்ந்த கலவையைத் தனிக் குழாய் வழியே அடியிலிருந்து மேலே பம்ப் செய்ய வேண்டும். ஒரு துளைக்கு 1.6 கன மீட்டர். பாறை இடுக்கில் இறங்குவதற்குக் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த மண்ணையே கொட்டி மூடினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். நீர் நிரம்பிய துளையாகவே விடலாம் என்பவர்கள் உண்டு. இங்கே கோடையில் நீர்மட்டம் இறங்கி, குளிர்ச்சி அதிகம் வேண்டிய மாதங்களில் மேல்பகுதி வறண்டுவிடும். அதைவிட முக்கியம், சம்பை ஊற்று நீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. அடைக்காத துளை மேற்பரப்பு அழுக்கை நல்ல நீருக்கு இறக்கிவிடும்.

மண்ணுக்குள் வெப்பத்தால் உருக்கி ஒட்டிய இணைப்பு மட்டுமே. கிளாம்ப் கூடாது. செம்மண் தூசி பட்டால் ஒட்டு பிடிக்காது. காற்று மறைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டுங்கள். பிரதான குழாயை ஒன்றரை மீட்டர் ஆழத்தில் போட்டு மேலே எச்சரிக்கை நாடா விரியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கட்டட வேலையில் ஜேசிபி அறுத்துவிடும். உள்ளே காற்று நின்றால் சில துளைகள் வேலையே செய்யாது. ஆறு ஆறு துளைகளாகப் பிரித்து, துளைக்கு நிமிடம் 19 லிட்டர் வீதம் கழுவிவிடுங்கள். வேலை நேரத்தில் 9, 10 லிட்டர் போதும். உறைபனி இல்லாத ஊரில் கிளைகால் (glycol) என்ற உறைதடுப்புத் திரவம் தேவையில்லை. மென்னீரும் துருத்தடுப்பானும் போதும். பம்ப் ஒன்றரைக் குதிரைத்திறனுக்கு மேல் கேட்டால் குழாய் வடிவமைப்பில் தவறு. இரவு பகல் முழு வேகத்தில் ஓடும் பெரிய பம்ப் சேமிப்பைத் தின்றுவிடும்.

24 துளைகளுக்கு நடுவில், குழாய்ச் சுற்றில் சேராத ஒரு துளையை அடைத்து, 20, 50, 90 மீட்டர் ஆழங்களில் வெப்பமானிகளைப் பதித்து வையுங்கள். ஒவ்வொரு பங்குனியிலும், கோடைச் சுமை ஏறுமுன், எண்களைக் குறியுங்கள். போன பங்குனியைவிட அரை டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால், அடுத்த கார்த்திகையில் இரவுக் குளிர்விப்பை இன்னும் முன்னதாகத் தொடங்கிக் கூடுதல் இரவுகள் ஓட்ட வேண்டும்.