லுக்பான் நாட்குறிப்பு: வண்ண வடாம் தொங்கும் தெரு

மே 10, சனி. மகாத்தி

திங்கட்கிழமை இங்கே பிலிப்பைன்ஸில் தேர்தல். அலுவலகத் தோழி ஓட்டுப் போட ஊருக்குக் கிளம்புகிறாள். ஊர் லுக்பான், கேசோன் மாகாணத்தில், பனாஹாவ் மலையடிவாரத்தில். "ஓட்டு ஒரு சாக்குதான். 15ஆம் தேதி பஹியாஸ், எங்கள் அறுவடைத் திருவிழா. இந்த வருஷம் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வருகிறது. நீயும் வா, கேமராவை எடுத்துக்கொள். ஆனால் வேலை கொடுப்போம்" என்றாள். வெள்ளி வரை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கேமரா என்றதும் ஒன்று. 2014இல் டைம் இதழ் உலகில் எந்த ஊரில் செல்ஃபி அதிகம் என்று கணக்குப் பார்த்தபோது முதலில் வந்தது மகாத்தியும் பக்கத்துப் பாசிக் நகரமும்தான், லட்சம் பேருக்கு 258 பேர் என்று. மூன்று வருஷம் இங்கே குடியிருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது குறைத்துப் போட்ட கணக்கு.

இங்கே குழுப்படம் என்றால் ஒன்றோடு நிற்காது. முதல் படம் ஒழுங்காக. "இசா பா!", இன்னொன்று. அப்புறம் மூன்றாவது, 'வாக்கி'. நாக்கு நீட்டி, கண்ணை மாறுகண் ஆக்கி, பக்கத்தில் இருப்பவர் தலையில் கொம்பு வைத்து. மேலாளரும் உண்டு. முதல் வருஷம் முழுக்க நான் மூன்றாவது படத்திலும் பாஸ்போர்ட் முகத்தோடுதான் நின்றிருக்கிறேன்.

மே 12, திங்கள். லுக்பான்

லுசேனா வரை பஸ், அங்கிருந்து ஜீப்னி, இந்த ஊர் ஷேர் ஜீப். விடுமுறைக் கூட்டம், நெரிசல், இடுப்பு போனது. வழியெல்லாம் வேட்பாளர்கள் பல்லைக் காட்டும் தார்ப்பாலின்கள். தோழி ஓட்டுப் போட்டு, மை வைத்த விரலைப் படம் எடுத்து, அதற்கும் ஒரு வாக்கி எடுத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தோம்.

மணிலாவை விட நல்ல குளிர்ச்சி. வீட்டுக் குட்டிகள் என்னை "அத்தே" என்று கூப்பிடுகிறார்கள். தகாலோக் மொழியில் அக்கா என்று பொருள். வந்த புதிதில் இதைக் கேட்டுவிட்டு, அதற்குள் நம்மை அத்தை ஆக்கிவிட்டார்களே என்று பதறியிருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

இன்று முழுக்கப் பின்கட்டில். தோழியின் லோலா, அதாவது பாட்டி, கிப்பிங் செய்தார். பஹியாஸுக்கு உயிரே இந்தக் கிப்பிங்தான். ஒரு மாதமாகச் செய்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றையது பற்றாக்குறைக்கு.

அரிசியை ராத்திரியே ஊறவைத்து, அரைத்து, நீர்க்கக் கரைத்து, உப்புப் போட்டு, நாலைந்து சட்டிகளில் பிரித்துச் சாயம் கலக்கிறார். பச்சை, மஞ்சள், ரோஜா, செம்மஞ்சள். அதில் உள்ளங்கையை விடப் பெரிய இலையை ஒரு பக்கம் மட்டும் படும்படி தோய்த்து, வடியவிட்டு, ஆவியில் வைக்கிறார். இலைக்குக் கபல் என்று பெயர் சொன்னார்கள். காப்பி இலை, கொக்கோ இலையிலும் செய்வதுண்டாம். வெந்ததும் ஆறப்போட்டு, காய்ந்தபின் உரித்தால் இலையின் ஒவ்வொரு நரம்பும் மாவில் அச்சாக நிற்கிறது. பிறகு சுருளாமல் இருக்க மேலே பலகையும் கல்லும்.

எனக்கு ஆவி அடித்ததுமே தெரிந்துவிட்டது. இது நம் இலை வடாம்! பூவரச இலையில் என் பாட்டி ஊற்றியதுதான். பெருங்காயமும் எள்ளும் மட்டும் இல்லை. அம்மா அனுப்பிய பழைய படம் ஒன்று போனில் இருந்தது, லோலாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கலர் எங்கே?"

"கலர் போடுவதில்லை, லோலா. வெள்ளைதான்."

"பிறகு எதற்குச் செய்கிறீர்கள்?"

"சாப்பிட."

பின்கட்டே சிரித்தது. அவர்களும் சாப்பிடுவார்கள், பொரித்து, சர்க்கரையோ வினிகரோ தொட்டு. ஆனால் முதலில் தொங்க வேண்டும். ஊர் பார்த்த பிறகுதான் வாய்க்கு. நம் வீட்டில் மொட்டை மாடியில் காயும் வடாத்தைக் காக்கையிடம் இருந்து மறைத்துத்தான் பழக்கம். இங்கே அதையே வாசலில் மாட்டி வா, வந்து பார் என்கிறார்கள்.

படம் எடுக்கலாம் என்று அடுப்பருகே குனிந்தால் லென்ஸ் முழுக்க ஆவி. துடைத்தால் மறுபடி. "அதை வைத்துவிட்டு உரி" என்றார் லோலா. அவசரப்பட்டு ஈரத்தோடு உரித்து ஏழு கிழித்தேன். கிழிந்ததில் ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றை என்னிடம் நீட்டினார். வெந்த இடியாப்ப மாவின் மணம், ரோஜா நிறத்தில்.

மே 14, புதன்

கிப்பிங்கைக் கம்பியில் கோத்து, வட்டம் வட்டமாக அடுக்கி, சரவிளக்குபோல் தொங்கவிடுவதற்கு அராங்யா என்று பெயர். ஸ்பானியத்தில் சரவிளக்குக்கும் சிலந்திக்கும் ஒரே சொல்தான், அதில் இருந்து வந்தது. மூன்று மணிக்கு மழை பிடித்தது. நனைந்தால் கிப்பிங் கொழகொழத்துவிடும். தெருவே பிளாஸ்டிக் தாளோடு ஓடியது. எதிர்வீட்டில் தோற்றுப்போன வேட்பாளரின் தார்ப்பாலினைத் திருப்பிப் போட்டுக் கூரையாகக் கட்டினார்கள். கீழே இருந்து பார்த்தால் அவர் அலங்காரத்துக்கு அடுக்கிய பூசணிக்காய்களைப் பார்த்துப் புன்னகைக்கிறார். இன்றைய சிறந்த படம் அது. முகம் தெரிவதால் யாருக்கும் காட்டப் போவதில்லை.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டேன். சான் இசிட்ரோ உழவர்களின் புனிதர். மாட்ரிட்டில் பண்ணை ஆளாக இருந்தவர், 1622இல் புனிதர் பட்டம். அவர் ஜெபத்தில் இருக்க, தேவதூதர்கள் அவருக்காக ஏர் ஓட்டினார்கள் என்பது கதை. முன்பெல்லாம் விளைச்சலைக் கோயிலுக்குச் சுமந்துபோய் மந்திரிப்பார்களாம். கோயில் கொள்ளாமல் போகவே, அவரவர் வாசலில் பரப்பி வையுங்கள், சாமியும் பாதிரியாரும் வருகிறோம் என்றாகிவிட்டது. ஊர்வலம் ஆண்டுக்கு ஒரு வழி. அந்த வழியில் உள்ள வீடுகள் மட்டும்தான் அலங்கரிக்கும். அடுத்த முறை இந்த வாசலுக்கு வரச் சில வருஷம் ஆகும். ராத்திரி ஒருவரும் தூங்காததன் காரணம் அதுதான். பரிசும் உண்டு என்பதைத் தோழி தணிந்த குரலில் சொன்னாள், எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே.

மே 15, வியாழன். பஹியாஸ்

ஹியாஸ் என்றால் ஆபரணம். விடிகாலை தெருவில் இறங்கியபோது வீடுகளைக் காணோம், காய்கறிகள்தான் இருந்தன. சுவர் முழுக்க நெற்கதிர். ஜன்னல் கம்பிகளில் பயற்றங்காய்ப் பின்னல். பால்கனியில் இருந்து லோங்கனிசா தொத்திறைச்சி தோரணமாக. லுக்பான் லோங்கனிசாவில் இனிப்பு இருக்காது, பூண்டும் ஒரெகானோவும் வினிகரும்தான். தெருமுனையிலேயே வந்துவிடுகிறது வாசம். ஒரு வீட்டு வாசலில் வைக்கோலில் ஆளுயர எருமை, கொம்புக்குக் கத்தரிக்காய். இன்னொன்றில் பூசணித்தலைக் கிழவனும் கிழவியும் ஊஞ்சலில். கிழவிக்கு முள்ளங்கி மூக்கு, கிழவனுக்கு இந்த ஊர் புந்தால் நார்த் தொப்பி. சாமி காரியம்தான், ஆனால் கேலிக்குக் குறைச்சல் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று அராங்யா. காற்று அடித்தால் காய்ந்த கிப்பிங் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கிறது. வெயில் பின்னால் இருந்து விழும்போது நரம்பு நரம்பாகத் தெரிகிறது, கோயில் கண்ணாடி ஜன்னல்போல. நான் உரித்த பச்சை ஒன்று எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊர்வலம் வந்தது. புனிதர் சிலை, பின்னால் பாண்டு வாத்தியம், காகிதக்கூழ் ராட்சதப் பொம்மைகள். கூட்டத்தில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி எடுத்ததில் பாதிப் படங்களில் வேறு கேமராக்கள்தான் விழுந்திருக்கின்றன. மீதி ஆறேழு தேறும்.

பசி. தெருவில் பான்சிட் ஹப்ஹப் விற்கிறார்கள். மிக்கி நூடுல்ஸ், செளசெள, கேரட், கொஞ்சம் பன்றி இறைச்சி. வாழையிலைத் துண்டில் வைத்து, மேலே வினிகரை விட்டுக் கையில் தருகிறார்கள். முள்கரண்டி கிடையாது, கையாலும் எடுக்கக் கூடாது. இலையை வாயருகே கொண்டுபோய் அப்படியே கவ்வ வேண்டும். ஹப்ஹப் என்ற சொல்லே நாய், பன்றி தின்பதைச் சொல்வதாம். வாழையிலையில் பிறந்து வளர்ந்தவள் நான், இலையில் சாப்பிட எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன். முதல் வாய் மூக்கில் போனது, வினிகரோடு. இரண்டாவது சட்டையில். மூன்றாவதில்தான் இலையைக் கூம்பாக மடித்து, சரித்து, உறிஞ்சும் வித்தை பிடிபட்டது. புளிப்பும் பூண்டும் எண்ணெயும் நன்றாகவே இருக்கிறது. இரண்டு கையும் இலையில் என்பதால் கேமரா முதுகில்.

நிமிர்ந்தால் தோழி போனோடு நிற்கிறாள். தாடையில் நூடுல்ஸ், கண்ணில் தண்ணீர். "அடடா! இதுதான் வாக்கி" என்றாள். மூன்று வருஷத்தில் என் முதல் வாக்கி, நான் ஒன்றும் செய்யாமலே.

இதே நாளில் பக்கத்துத் தயாபாஸில் சுமான், அதாவது இலையில் கட்டி வேகவைத்த பசையரிசிப் பலகாரம், கூட்டத்தின் மேல் வாரி வீசுவார்கள். சரியாயாவில் மூங்கிலில் தொங்கவிட்டதைப் பறித்துக்கொள்ளும் திருவிழா. மூன்று ஊரும் 15ஆம் தேதிதான். யாராவது ஒரு ஊர் தேதியை மாற்றக் கூடாதா?

முன்பின் தெரியாத நாலு வீட்டில் "கைன் தாயோ", வா சாப்பிடலாம் என்று இழுத்து உட்காரவைத்தார்கள். நாலாவது வீட்டில் லம்பானோக், தென்னங்கள் காய்ச்சிய சாராயம். ஒரே கிளாஸ்தான், சுற்றி வருகிறது. என் முறையில் உதட்டை மட்டும் நனைத்தேன். அதற்கே காது சூடானது.

மே 16, வெள்ளி

பரிசு எதிர்வீட்டுக்கு. தோழி அதைப் பற்றிப் பேசவில்லை. காய்களை அக்கம்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், எதிர்வீட்டுக்கும் ஒரு பூசணி போயிற்று.

கிளம்பும்போது வாசலில் குடும்பப் படம், நான்தான் எடுத்தேன். முதல் படம். இரண்டாவது. மூன்றாவதற்கு லோலா இரண்டு கிப்பிங்கை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு நாக்கை நீட்டினார். அந்த ஒரு படத்துக்காக மீதி நானூற்றுச் சொச்சத்தையும் அழித்துவிடலாம்.

மே 18, ஞாயிறு. மகாத்தி

லோலா செய்தித்தாளில் பொதிந்து கொடுத்த கிப்பிங் பஸ்ஸில் நொறுங்கிவிட்டது. கோத்து மாட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. எண்ணெய் காயவைத்துப் போட்டேன். நம் வடாம்போலவே பொரிந்து சுருள்கிறது, பச்சை கொஞ்சம் வெளுத்து. அம்மா வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி இது, ஹோலிப் பொடியைப் பொரிக்கிறாயா?" என்றாள். மதியம் ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன். உப்பு கொஞ்சம் குறைவு.