ஒரே கடல், இரண்டு கணக்குத் தலைப்புகள்

மத்திய அரசின் பாதுகாப்புச் செலவுக் கணக்கில் 2077 என்பது கடற்படையின் வருவாய்ச் செலவுத் தலைப்பு, அதாவது அதன் அன்றாடச் செலவுகளைப் பதியும் கணக்கு எண்; 2078 விமானப்படையுடையது. பாதுகாப்புக் கணக்குத் துறையில் என் பணிக்காலத்தின் முதல் பாதி மும்பையில் கடற்படைக் கணக்குகளோடு கழிந்தது. பின்பாதி விமானப்படைத் தளங்களில் தணிக்கை வேலை. கடல்மேல் விமானம் பறக்கும் வேலை யாருடையது, அதற்கான பணம் யாருக்கு என்று இரு படைகளுக்கும் இடையே நடக்கும் பூசலைத் தளபதிகளின் கௌரவப் பிரச்சினை என்று பலர் பேசுகிறார்கள். அருகிலிருந்து பார்த்த எனக்கு, அதன் வேர் இந்த எண்களில் இருப்பதாகவே தோன்றுகிறது.

ஒரு கடலோர விமானப்படைத் தளத்தில் விமானங்களை நிறுத்தும் தரை பெயர்ந்துபோயிருந்தது. அந்தப் பகுதியை அதிகம் பயன்படுத்தியவை அவ்வப்போது வந்து தங்கும் கடற்படை விமானங்கள்தான். பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்று கோப்பு எங்களிடம் வந்தது. "விமானம் அவர்களுடையது சார், தேய்மானமும் அவர்களால்தான். சிமெண்டுக்கு மட்டும் நாங்களா?" என்றார் விமானப்படை அதிகாரி. "தளம் அவர்கள் பெயரில் இருக்கிறது. இன்னொரு படையின் தளத்தில் கடற்படைப் பணத்தைப் போட எனக்கு ஏது அதிகாரம்?" என்றார் கடற்படை அதிகாரி. இருவரும் முப்படைகளுக்கும் பொதுவான கடக்வாஸ்லா அகாடமியில் ஒன்றாகப் பயிற்சி பெற்ற நண்பர்கள். பேச்சு முடிந்ததும் ஒரே மேசையில் சாப்பிடப் போனார்கள். விதிப்படி இருவர் சொன்னதும் சரி. கோப்பு மேலே போனது, திரும்பி வந்தது, மறுபடி மேலே போனது. அதற்குள் ஒரு மழைக்காலம் வந்து தரையை இன்னும் மோசமாக்கிவிட்டது.

தேவை ஒருவரிடமும் பணம் இன்னொருவரிடமும் இருந்தால் வேலை நடக்காது. இது அந்தத் தரைக்கு மட்டுமா? 1976 வரை நம் கடற்பரப்பை வானிலிருந்து நெடுந்தொலைவு கண்காணிக்கும் பொறுப்பு விமானப்படையிடம்தான் இருந்தது. ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிச் சென்ற பழைய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களை வைத்து அதைச் செய்தார்கள். விமானப்படையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1962, 1965 என்று நில எல்லையில் இரண்டு போர்களைக் கண்ட படை, பணம் கிடைத்தபோது போர் விமானத்தைத்தான் முதலில் கேட்கும். கடலில் எதிரிக் கப்பலைத் தேட வேண்டிய அவசரம் கடற்படைக்கு இருந்தது. அதற்கான விமானம் இன்னொரு படையின் பட்டியலில் கடைசி வரிசையில் நின்றது.

1976-ல் அந்தப் பொறுப்பும் விமானங்களும் கடற்படைக்கு மாறின. அடுத்த ஆண்டே கடல் கண்காணிப்புக்கான இல்யூஷின்-38 விமானம் வந்தது. 1988-ல் அதே வேலைக்கு எட்டு டுபோலெவ்-142 விமானங்கள் வந்தன. 1992-ல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் தொடங்கப்பட்டதும் அவை அங்கே குடியேறின. 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த ஓடுபாதையில் 2013 முதல் போயிங் பி-8ஐ கண்காணிப்பு விமானம் இறங்குகிறது. இந்தியப் பெருங்கடலில் இன்று நம் கண் எட்டும் தூரத்துக்கு 1976-ன் அந்த முடிவே தொடக்கம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கரையிலிருந்து பறந்துபோய்க் கப்பலைத் தாக்கும் வேலை விமானப்படையிடமே நின்றது. பல்லாண்டுகள் அதற்கென்று பெயர் சொல்ல இருந்தது ஜாகுவார் போர் விமானங்களின் ஒரே ஒரு ஸ்குவாட்ரன், அதாவது ஒரு விமான அணி. 2020 ஜனவரியில்தான் தஞ்சாவூரில் சுகோய்-30 விமானங்களோடு 222-வது ஸ்குவாட்ரன் அமைந்தது. ஒவ்வொன்றும் இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடியவை அவை. இத்தனை தாமதத்துக்குத் திறமைக் குறைவு காரணமாக இருக்க முடியாது. முன்னுரிமைப் பட்டியலை எழுதும் கை எது என்பதே காரணம்.

கடற்படைக்கு விமானம் தாங்கிக் கப்பல் வேண்டுமா, கரையிலிருந்து பறக்கும் விமானங்களே போதுமா என்ற விவகாரத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் படையில் சேர்ந்த விக்ராந்துக்கு ஆன செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் எத்தனை போர் விமானங்கள் வாங்கலாம் என்று கப்பலை எதிர்ப்பவர்கள் உடனே கணக்குப் போடுகிறார்கள். கணக்கு எழுதிப் பிழைத்தவனுக்கு இந்த ஒப்பீடு ஒவ்வாது. தரையிலுள்ள ஒரு தளத்துக்கும் ஓடுபாதை, கொட்டகை, எரிபொருள் கிடங்கு, ரேடார், குடியிருப்பு எல்லாம் வேண்டும். அவை கட்டுமானப் பணிகள் என்ற வேறு தலைப்பில், பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் செலவாகி மறைந்துவிடுகின்றன. பல தளங்களின் நிலம் பிரிட்டிஷ் காலத்திலேயே கையகப்படுத்தியது. போர் விமானத்தின் விலையோடு இவற்றை யாரும் கூட்டிச் சொல்வதில்லை. கப்பலிலோ இத்தனையும் ஒரே விலைக்குள் வந்து நிற்கும்.

கடற்படையும் முழுக் கணக்கைச் சொல்வதில்லை. கப்பல் ஒரு தலைப்பில் வரும், அதன்மேல் நிற்கும் விமானங்கள் இன்னொரு தலைப்பில் வரும். 2025 ஏப்ரலில் கப்பலிலிருந்து பறக்கும் 26 ரஃபேல்-எம் போர் விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தம் சுமார் 63,000 கோடி, அதாவது விக்ராந்தின் செலவைப்போல் மூன்று மடங்கு. கப்பலைச் சூழ்ந்து காவல் போகும் போர்க்கப்பல்களும் எரிபொருள் கப்பலும் தனி. ரஷ்யாவிடம் வாங்கிய இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யாவின் விலை 2004-ல் 97.4 கோடி டாலர். கப்பல் கைக்கு வரும்போது 235 கோடி டாலர்.

மும்பையில் என் மேசைக்கு விராட் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் பராமரிப்புப் பில்கள் வரும். அந்தக் கப்பலின் பழைய வாழ்க்கையிலும் இதே வழக்கு உண்டு. 1966-ல் பிரிட்டன் தன் புதிய விமானம் தாங்கிக் கப்பல் திட்டத்தைக் கைவிட்டது. தீவுத் தளங்களிலிருந்து எஃப்-111 விமானங்களைப் பறக்கவிட்டு அந்த வேலையைச் செய்துவிடலாம் என்பது அவர்களின் விமானப்படை முன்வைத்த வாதம். 1968 ஜனவரியில் அந்த எஃப்-111 வாங்கும் திட்டமும் ரத்தானது. பதிலாக வரவேண்டியதும் வரவில்லை. 1982-ல் ஃபாக்லாந்து போருக்குத் தலைமைக் கப்பலாகப் போனது பழைய ஹெர்மிஸ். அதைத்தான் நாம் வாங்கி, 1987-ல் விராட் என்ற பெயரில் படையில் சேர்த்தோம்.

விமானப்படையின் கவலையையும் நான் மதிக்கிறேன். 42 போர் ஸ்குவாட்ரன்களுக்கு அனுமதி உள்ள படையில், 2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெற்ற பிறகு மிஞ்சியவை 29. அவற்றையும், முப்படைகளையும் ஒரே தளபதியின் கீழ் கொண்டுவரும் ஒருங்கிணைந்த கட்டளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் எங்கும் போதாமல் போகும் என்று அவர்கள் அஞ்சுவது நியாயம். 2021 ஜூலையில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் விமானப்படையைத் துணைப்படை என்ற பொருளில் பேசியது அந்த அச்சத்தைப் பெருக்கியது. அப்போதைய விமானப்படைத் தளபதி பதவுரியா பொதுவெளியிலேயே மறுக்க நேர்ந்தது. மூன்றாவது விமானம் தாங்கிக் கப்பலைவிட நீர்மூழ்கிக் கப்பல்களுக்கே முன்னுரிமை என்று ராவத் அதற்கு முந்தைய ஆண்டில் பேசியிருந்ததால் கடற்படைக்கும் அவர்மீது வருத்தம் இருந்தது. இரு படைகளின் முழுச் செலவையும் ஒரே முறையில் கணக்கிட்ட ஒரு தாள் அவர்கள் நடுவில் இருந்திருந்தால் அந்த விவாதம் இத்தனை கசந்திருக்காது.

ரஃபேல்-எம் ஒப்பந்தத்தை அரசு அறிவித்தபோது நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரியை. விமானப்படையிடம் ஏற்கெனவே உள்ள ரஃபேல்களுக்கான கூடுதல் சாதனங்களும் அதில் அடங்கும் என்றிருந்தது. கடற்படைக்கான கொள்முதலில் விமானப்படையின் தேவைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இனி இரு படைகளிலும் சேர்த்து 62 ரஃபேல்கள் இருக்கும். அவற்றுக்கு உதிரிபாகக் கிடங்கும் எஞ்சின் பட்டறையும் பொதுவாக அமைய வேண்டும். தஞ்சாவூர் சுகோய்கள் கடல்மேல் பயிற்சிக்குப் பறக்கும் நேரத்துக்கான செலவைக் கடற்படையின் ஒதுக்கீட்டிலிருந்து தர வழி செய்ய வேண்டும். மூன்றாவது கப்பலுக்கான கோப்பு அமைச்சகத்துக்குப் போகும்போது விமானங்கள், காவல் கப்பல்கள், முப்பதாண்டுப் பராமரிப்பு அனைத்தின் விலையும் அதன் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதே வேலையைக் கரையிலிருந்து செய்வதாக விமானப்படை சொன்னால், அதற்கான தளங்களின் செலவும் வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களின் செலவும் அதே பக்கத்தில் எதிரே இடம்பெற வேண்டும்.